ஐந்து சரக்கும் மிளகுத்தண்ணியும்

ஓட்டல் மேலாண்மை படிக்கிற பிள்ளைகள் முதலாண்டிலேயே ஒரு பட்டியலை உருப்போட்டாக வேண்டும். எந்த நாட்டுக்கு எந்த சூப் என்கிற பட்டியல். இத்தாலிக்கு மினெஸ்ட்ரோனே, ஸ்பெயினுக்கு கஸ்பாச்சோ, ரஷ்யாவுக்கு போர்ஷ், இந்தியாவுக்கு முல்லிகட்டானி. நானும் அதை உருப்போட்டுத் தேறியவன்தான். அப்புறம் பல வருஷம் அதையே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன். பாடப்புத்தக முறைப்படி செய்தால் அதில் ஆட்டெலும்பு ஸ்டாக், வெங்காயம், ஆப்பிள், மாவு, கறி பவுடர், தேங்காய்ப்பால் எல்லாம் சேரும். கடைசியில் ஒரு கரண்டி வெந்த சோற்றை மேலே போட்டு எலுமிச்சைத் துண்டோடு பரிமாற வேண்டும். ஒருமுறை ஒரு மாணவி அதை ருசி பார்த்துவிட்டு, "சார், இது எங்க பாட்டி வைக்கிற மிளகு ரசம்னு சொன்னா பாட்டி கேஸ் போட்டுடுவாங்க" என்றாள்.

பாட்டி பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் வழக்கு போட வேண்டுமானால் இரண்டாகப் போட வேண்டும். நம் சோழமண்டலக் கரையிலிருந்து ஆங்கிலேயன் எடுத்துக்கொண்டு போய் உலகத்துக்கெல்லாம் தன் சரக்காகக் காட்டியது சூப் மட்டுமில்லை. பஞ்ச் என்கிற கலவை மதுவும் இந்தக் கடலோர வீடுகளில் கலக்கப்பட்டது. ரசம் நம்மிடமும் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. பஞ்ச் நம் பக்கத்தில் சுவடில்லாமல் போய்விட்டது. ஏன் அப்படி ஆயிற்று என்பதுதான் எனக்கு ரொம்ப நாளாக யோசனை.

பஞ்ச் பற்றி எழுத்தில் கிடைக்கிற மிகப் பழைய குறிப்பு 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. ராபர்ட் ஆடம்ஸ் என்பவர், பெட்டபோலியில் இருந்த கோலி என்ற கம்பெனி வியாபாரிக்கு எழுதியது. பெட்டபோலி என்றால் இன்றைக்கு ஆந்திரக் கரையில் இருக்கும் நிஜாம்பட்டினம். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே 1611லேயே பண்டகசாலை போட்டுவிட்டது. எல்லாரும் வீட்டில் ஒற்றுமையாக இருங்கள், பஞ்சை அளவு பார்க்காமல் குடியுங்கள் என்கிற தோரணையில் போகிறது அந்தக் கடிதம். பஞ்ச் என்றால் என்ன என்று விளக்கம் எதுவும் இல்லை. எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அது பழகிப்போன பானம். அப்போது சென்னைப்பட்டினம் என்று ஓர் ஊரே கிடையாது. கம்பெனியின் பிரான்சிஸ் டே இங்கே மணல்மேட்டைப் பார்த்து இடம் வாங்கியதற்கு ஏழு வருஷம் முந்தைய சமாச்சாரம் இது.

பிறகு வந்த பயணிகள் ஆளுக்கொரு விதமாக எழுதிவைத்தார்கள். 1638ல் சூரத்துக்கு வந்த ஜெர்மானியர் மாண்டெல்ஸ்லோ, பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை சேர்த்த பானத்தைச் சொல்கிறார். பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, வங்காளத்தில் இதைக் குடித்து உடம்பைக் கெடுத்துக்கொள்பவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார். 1670களில் மேற்குக் கரையில் சுற்றிய ஜான் ஃப்ரையர் என்ற மருத்துவர்தான், ஐந்து பொருள் சேர்வதால் இந்தப் பெயர் என்று எழுதியவர். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், வாசனைச் சரக்கு. இந்தப் பெயர்க் காரணத்தை ஏற்காத ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். இந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்பதில்தான் எனக்கு அக்கறை.

பனையும் தென்னையும் இருந்தால் ஐந்தில் இரண்டு முடிந்தது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர். தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள். பதநீரைக் காய்ச்சினால் கருப்பட்டி, கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். ஒரே மரத்தில் போதையும் இனிப்பும் இறங்குகிற ஊர் இது. தென்னஞ்சாராயத்தில் கொழும்புச் சரக்குக்கும் கோவாச் சரக்குக்கும் மதிப்பு அதிகம். சென்னையில் ஆங்கிலேயர் கட்டிய கோட்டைக்குள் பணக்கார மேசைக்கு அவை கப்பலில் வந்தன. ஜாவாவில் டச்சுக்காரர்களின் பதேவியா நகரத்திலிருந்து வந்தது வேறு இனம். கரும்புக் கழிவுப்பாகையும் புளித்த அரிசியையும் வைத்து வடித்தது. சிப்பாய்க்குக் கிடைத்தது உள்ளூர்ப் பட்டைச் சாராயம். வெல்லத்தை ஊறப்போட்டு, அதில் வெள்வேலம் பட்டையைப் போட்டு வடிப்பது. பட்டையின் துவர்ப்பு இறங்கும். அதை நேராகக் குடித்தால் தொண்டை கிழியும். எலுமிச்சையும் சர்க்கரையும் தேவைப்பட்டதற்கு அதுவே போதுமான காரணம் என்பது என் தொழில் கணிப்பு.

எலுமிச்சைக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மாதக்கணக்கில் கடலில் கிடந்து வருகிறவனுக்கு ஈறு வீங்கி, பல் ஆடி, பழைய காயமெல்லாம் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்ற நோய். 1601ல் கம்பெனியின் முதல் பயணத்துக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் லான்காஸ்டர் தன் கப்பல் ஆட்களுக்கு எலுமிச்சைச் சாறு கொடுத்தார். மற்றக் கப்பல்களைவிட அவருடைய ஆட்கள் தெம்பாக இருந்தார்கள். இதைக் கண்ணால் பார்த்த பிறகும் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை நாள்தோறும் கொடுக்க 1795 வரை ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் மாலுமிக்கு அந்தச் சாறு எதில் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

தண்ணீர் பெரிய பிரச்சினை. கோட்டைக்கு நல்ல தண்ணீர் வர ஏழு கிணறு வெட்டியது 1772ல்தான். அதற்கு முன்னால் சுமந்து கொண்டுவந்து ஊற்றியதுதான்.

ஐந்தாவது, ஜாதிக்காய். இது மட்டும்தான் இந்தக் கரையில் விளையாதது. ஜாவாவுக்கும் அப்பால் பாண்டா என்ற சின்னத் தீவுக்கூட்டம். அந்தக் காலத்தில் உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கேயிருந்துதான். 1621ல் டச்சுத் தளபதி கூன் அங்கே இறங்கித் தீவுவாசிகளைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் மொத்த வியாபாரத்தையும் பிடித்துக்கொண்டார். ஆனால் ஜாதிக்காய்க்கு விலையாக அந்தத் தீவுகளில் வெள்ளியைவிட எடுபட்டது சோழமண்டலத்துத் துணி. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி உட்கார்ந்ததே அதற்காகத்தான். நம் தறிக்காரர் நெய்த துணி போய் ஜாதிக்காயாகத் திரும்பி, துரையின் பஞ்ச் கிண்ணத்தில் துருவி விழுந்தது. ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இவ்வளவு ரத்தமும் நூலும் இருக்கிறது.

செய்முறையில் ஒரு இடம் மட்டும் நின்று பார்க்க வேண்டியது. இன்றைய பார்களில் எலுமிச்சையைப் பிழிந்து ஊற்றிவிடுகிறார்கள். பழைய முறை அதுவல்ல. பழத்தின் மேல்தோலை, வெள்ளைச் சதை ஒட்டாமல், கத்தியால் சுருள் சுருளாகச் சீவிக்கொள்ள வேண்டும். அதைச் சர்க்கரையோடு கல்லுரலில் போட்டு நசுக்கி, மூடி வைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் சர்க்கரை தானே ஈரமாகி மஞ்சள் பாகாகியிருக்கும். தோலில் இருந்த எண்ணெய் முழுக்க அதில் இறங்கியிருக்கும். மூடியைத் திறந்ததும் சமையலறையைத் தாண்டிக் கூடத்துக்கு மணம் போகும். அப்புறம்தான் சாறு, அப்புறம் சாராயம், அப்புறம் தண்ணீர். புளிப்பு ஒன்று, இனிப்பு இரண்டு, சாராயம் மூன்று, தண்ணீர் நான்கு என்று கரீபியத் தீவுகளில் ஒரு வாய்ப்பாடு உண்டு. எனக்கு அதில் இனிப்பு அதிகம். இரண்டை ஒன்றரையாகக் குறைத்துவிடுவேன். நண்பர் யாராவது கொழும்பிலிருந்து தென்னஞ்சாராயம் வாங்கிவந்தால், சீனிக்குப் பதில் பனங்கற்கண்டைப் பொடித்துப் போடுவேன். ஜாதிக்காய் கடைசியில், கிண்ணத்தின் மேலேயே துருவ வேண்டும். முன்கூட்டிப் பொடித்து டப்பாவில் வைத்த தூள் மரத்தூளுக்குச் சமானம்.

இது ஒரு கோப்பைக்குச் செய்கிற பானமில்லை. பெரிய பீங்கான் கிண்ணத்தில் கலந்து, நடுவில் வைத்து, சுற்றி உட்கார்ந்து மொண்டு குடிப்பது. விருந்தாளி வந்தால் வீட்டில் கலக்குவது. சென்னைக் கோட்டைக்குள் அந்த விருந்து எவ்வளவு தூரம் போனது என்பதற்கு அவர்கள் போட்ட சட்டமே சாட்சி. 1670களில் ஒரு கட்டுப்பாடு வந்தது: ஒருவருக்கு ஒரு வேளையில் அரை பைன்ட், அதாவது கிட்டத்தட்ட கால் லிட்டர் சாராயமோ பிராந்தியோ, அதற்கு மேல் ஒரு லிட்டர் அளவுக்கு ஒயின்; அவ்வளவுதான். மீறினால் அன்றைய நாணயத்தில் ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரருக்கு ஒரு வராகன், குடித்தவருக்குப் பன்னிரண்டு பணம் அபராதம். கட்டுப்பாடே இந்த லட்சணம் என்றால் கட்டுப்பாடு இல்லாத நாள் எப்படி இருந்திருக்கும்! அதே காலத்து இன்னொரு விதி பஞ்ச் கடைகளைப் பற்றியது. சம்பள நாளன்று சிப்பாயின் கூலியில் கடன்பாக்கியைப் பிடித்துக்கொள்ளக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை என்று அது சொல்கிறது. சம்பளம் கைக்கு வருமுன்பே கிண்ணத்தில் கரைந்துகொண்டிருந்தது.

பஞ்ச் செத்தது குடி குறைந்ததால் இல்லை. சாராயம் வருமானமாக மாறியதால். கம்பெனி தன் ஆரம்ப காலத்திலிருந்தே சாராய விற்பனையைக் குத்தகைக்கு விட்டது. குத்தகைக்காரனுக்குப் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். அவனுக்குத் தேவை வேகமாக விற்கிற சரக்கு. எந்த மரம், எந்த ஊர், எந்தப் பட்டை என்ற பேதமெல்லாம் போயிற்று. 1886ல் மதுவுக்கான ஆப்காரிச் சட்டம் வந்தபின், வடிப்பது சின்னச் சின்ன உலைகளிலிருந்து பெரிய ஆலைகளுக்குப் போனது. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலையோடு வடிசாலையும் நின்றது. துரைமார்களும் அதற்குள் பஞ்சை விட்டுவிட்டு பீருக்கும் விஸ்கி சோடாவுக்கும் மாறியிருந்தார்கள். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் கப்பலேறி வந்து, சென்னையில் 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸில் இறங்கியது. நீலகிரியில் தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் சிங்கோனா நட்டுக் குயினின் எடுத்தார்கள். ஜின்னும் குயினின் கலந்த டானிக்கும் குளிர்ந்த கோப்பையும் வந்த பிறகு நடுமேசைக் கிண்ணத்துக்கு என்ன வேலை? இந்தப் பக்கம் 1937ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948க்குள் மாகாணம் முழுக்க வந்தது. பிறகு விலக்கு போனது, வந்தது, போனது. கள் இறக்க 1987 முதல் தடை. மூங்கில் குழாயில் ஊறி விளைந்த தேறலைச் சங்கப் பாட்டில் பாடிய மொழியில், இன்றைக்குக் குடி என்றால் தெருவோரக் கவுண்டர், பிளாஸ்டிக் டம்ளர், ஊறுகாய்ப் பாக்கெட். மேசையும் இல்லை, ருசியும் இல்லை. அரசாங்கத்துக்கு வருமானம் மட்டும் உண்டு. குடிக்கச் சொல்லி நான் வக்காலத்து வாங்கவில்லை. குடியிலிருந்து சமையலைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது போதை மட்டும்தான் என்கிறேன்.

ரசம் பிழைத்துக்கொண்டது. யாரும் அதைக் குத்தகைக்கு விடவில்லை.

ஆங்கிலத்தில் மிளகுத்தண்ணி முல்லிகட்டானியாக ஏறிய கதை விருந்தில் தொடங்கவில்லை, சிறையில் தொடங்குகிறது. 1780ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் மைசூர் ஹைதர் அலியின் படை, கம்பெனியின் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியது. பிடிபட்டவர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் பெங்களூருக்கும் போனார்கள். 1782ல் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரன், தான் பிடித்த ஆங்கில மாலுமிகளையும் ஹைதரிடம் ஒப்படைத்தார். அப்படிச் சிறையில் கிடந்த கடற்படைக்காரர் ஒருவர் எழுதிய பாட்டு 1784ல் அச்சேறியது. பெங்களூர்ச் சிறையில் எங்களுக்குச் சாப்பாடு மிளகுத்தண்ணி, இல்லாவிட்டால் கஞ்சி என்று அவர் புலம்புகிறார். நமக்குக் காய்ச்சல் வந்தால் ஆறுதலாகக் கொடுக்கிற இரண்டும் அவருக்குத் தண்டனையாகத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அடுத்த தலைமுறைக்குள் தண்டனை ஆசையாகிவிட்டது. சென்னை மாகாணத்து வெள்ளைக்காரர்களுக்கு மற்ற மாகாணத்தார் வைத்த பட்டப்பெயரே 'மல்'. முல்லிகட்டானியின் முதல் துண்டு. லண்டனில் வில்லியம் கிச்சினர் என்ற சமையல் பித்தர் தன் சமையல் நூலில் இதற்கு இடம் கொடுத்தார். 1845ல் வந்த எலைசா ஆக்டனின் புத்தகத்திலும் இருக்கிறது. கடல் தாண்டியதும் இறைச்சியும் மாவும் ஆப்பிளும் சேர்ந்துகொண்டன. வெறும் புளித்தண்ணியைக் கிண்ணத்தில் ஊற்றி, இதுதான் முதல் பரிமாறல் என்று சொல்ல ஆங்கிலேயனுக்கு மனசு வரவில்லை. சூப் என்றால் அவனுக்குக் கெட்டியாக இருந்தாக வேண்டும்.

இந்தச் சூப்பின் மூலத்தைத் தேடிய வெள்ளைக்காரர் ஒருவர் நம் ஊரில் இருந்தார். ஆர்தர் கென்னி-ஹெர்பர்ட். 1859ல் இளம் அதிகாரியாகச் சென்னைக் குதிரைப் படைக்கு வந்தவர். 'வைவர்ன்' என்ற புனைபெயரில் பத்திரிகையில் சமையல் எழுதி, 1878ல் அதைப் புத்தகமாக்கினார், ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. முல்லிகட்டானிக்கும் அதில் இடம் உண்டு. தெற்கத்தி ஏழை வீட்டில் வைப்பதுதான் மூலம் என்று சொல்லி, புளி, மிளகாய் வற்றல், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, உப்பு, கறிவேப்பிலை என்று பட்டியல் போடுகிறார். தக்காளி இல்லை, பருப்பு இல்லை. இன்றைக்கு அதை அப்படியே வைத்துப் பாருங்கள். சளி பிடித்த நாளில் அதற்கு மேல் மருந்து கிடையாது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் கையோடு வந்தது என்பதால், அதற்கும் முந்தைய மிளகுத்தண்ணியில் காரத்துக்கு மிளகு மட்டும்தான் நின்றிருக்க வேண்டும்.

வைவர்னுடைய புத்தகத்தில் என்னை உறுத்துகிற விஷயம் வேறு. அதில் வருகிற சமையற்காரனுக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. எந்த வீடானாலும் ராமசாமி. கிண்டலும் இருக்கிறது, மெச்சுதலும் இருக்கிறது. வீட்டிலிருந்து தள்ளிக் கட்டிய, புகையும் இருட்டுமான கொட்டகையில், சரியான பாத்திரம் இல்லாமல் அவன் எப்படி நல்ல சாப்பாடு சமைப்பான் என்று எசமானர்களைத் திட்டவும் செய்கிறார். அந்த அளவுக்கு நியாயவான். ஆனால் தனக்கு மிளகுத்தண்ணி வைத்துக் காட்டியவரின் சொந்தப் பெயரை எழுதவில்லை. மாட்டிறைச்சி புழங்குகிற துரை வீட்டு அடுப்பங்கரையில் மேல்சாதியார் கால் வைக்க மாட்டார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து போனவர்கள். கல்லுரலில் தோல் நசுக்கியதும், ஜாதிக்காய் துருவியதும், ரசத்துக்கு ஸ்டாக் ஊற்றியதும் அவர்கள் கைதான். கென்னி-ஹெர்பர்ட் ஊர் திரும்பி 1894ல் லண்டனில் சமையல் பள்ளி திறந்தார். ராமசாமிகளுக்குப் பள்ளியும் இல்லை, பெயரும் இல்லை.

இரண்டும் வெளியூரில் எப்படி வாழ்கின்றன என்று பார்த்தால் சிரிப்பு வரும். ஜெர்மனியில் ஆண்டுதோறும் டிசம்பர் 31 இரவு ஒரு பழைய நகைச்சுவை நாடகத்தைத் தொலைக்காட்சியில் போடுகிறார்கள். 1963ல் பதிவு செய்தது, 'டின்னர் ஃபார் ஒன்'. தொண்ணூறு வயது சோஃபி அம்மையாருக்கு பட்லர் ஜேம்ஸ் முதலில் பரிமாறுவது முல்லிகட்டானி சூப், கூட ஷெர்ரி. நம் மிளகுத்தண்ணி இல்லாமல் ஜெர்மானியருக்குப் புத்தாண்டு பிறப்பதில்லை. ஸ்வீடனில் பஞ்ச் இன்னும் இருக்கிறது. 1731ல் தொடங்கிய ஸ்வீடிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் கொண்டுபோன சாராயத்தில் பழகியவர்கள், இன்றைக்கும் வியாழக்கிழமை பட்டாணி சூப்போடு சூடான 'புன்ஷ்' குடிக்கிறார்கள். ஆறுதலான சூப்பும் வீட்டுப் பஞ்சும் ஒரே மேசையில்.

சென்னையில் இந்த இரண்டின் எச்சமும் சேர்ந்து இருப்பது ஆங்கிலோ-இந்தியர் வீடுகளில். நான் வளர்ந்த பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் அடுத்த வீட்டு ஆண்ட்டி சோற்றுக்கு ஊற்றுவது 'பெப்பர் வாட்டர்', தொட்டுக்கொள்ள உலர்த்தி வறுத்த கறி. "ரசமா ஆண்ட்டி?" என்று கேட்டால், "ரசம் உங்க வீட்ல மேன், இது பெப்பர் வாட்டர்" என்பார். மல்லித்தூள் கூட, பருப்பு கிடையாது. வைவர்ன் பட்டியலுக்கு எங்கள் வீட்டு ரசத்தைவிட அதுதான் கிட்டத்துச் சொந்தம். கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதம் முன்னால் பீங்கான் ஜாடியில் திராட்சை ஒயின் ஊறும். போதையில்லாத இஞ்சி ஒயினும் தனியாக உண்டு, எங்களுக்குக் கொடுப்பது அது. செய்முறை எல்லாம் ஒரு நீல அட்டை நோட்டில், அவருடைய அம்மாவின் கையெழுத்தில் இருந்தது. குடும்பம் ஆஸ்திரேலியா போனபோது நோட்டு எங்கே போனதென்று தெரியவில்லை.

அப்படிப்பட்ட நோட்டுகள் இன்னும் சில வீடுகளில் இருக்கும். உங்கள் தாத்தா ஊட்டியிலோ, குன்னூரிலோ, சென்னைக் கிளப்பிலோ, எஸ்டேட் பங்களாவிலோ பட்லராக, குக்காக இருந்தவரென்றால் பரணில் ஒருமுறை தேடிப் பாருங்கள். தமிழில் எழுதிய ஆங்கிலப் பலகாரப் பெயர்கள், பால்கணக்குக்கு நடுவே ஒரு சூப்பின் அளவு, எண்ணெய்க் கறை படிந்த தாள் எதுவானாலும் சரி, எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதல் பக்கத்தில் அவருடைய முழுப் பெயரையும் வேலை பார்த்த ஊரையும் எழுதிவையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய தாள்களின் அருமை தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.